சோறு இருந்தும் உண்ணாத பிள்ளை
பசியற்ற உளநோயை விளங்கிக்கொள்வோம்



பசி என்றால் என்னவென்று எமது மக்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கதிர் முற்றிய வயலை அறுக்காமல் விட்டு வந்தவர்களும், ஒரு பானைக் கஞ்சியை மூன்று குடும்பத்துக்குப் பங்கிட்டவர்களும், நிவாரண அட்டையோடு வரிசையில் காத்து நின்றவர்களும் இந்தப் பக்கங்களை வாசிக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விளங்கிக்கொள்ளக் கடினமான ஒரு நோயைப் பற்றியே இம்முறை படிக்கப்போகிறோம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் சோறு இருக்கிறது. தாய் அருகில் இருந்து பரிமாறுகிறாள். பதினாறு வயது மகள் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிறாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்காக இப்படியே நடக்கிறது. தோள் எலும்பு தெரிகிறது, சட்டை தொங்குகிறது, ஆனாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறாள். அயலவர் ஒருவர் "பிடிவாதம்" என்கிறார். இன்னொருவர் "செய்வினை" என்கிறார். தகப்பன், "நாங்கள் பட்ட பசியை இவள் அறிந்திருந்தால் இப்படிச் செய்வாளா?" என்று கோபிக்கிறார்.

தகப்பனின் கோபம் எமக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஆபத்தான ஒரு நோயினால் பீடிக்கப்பட்டிருக்கலாம். வைத்தியர்கள் அதனை "அனொரெக்சியா நேர்வோசா" என்று அழைக்கின்றனர். தமிழில் "பசியற்ற உளநோய்" என்பர். இது பணக்கார நாடுகளின் நோய், எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆசிய நாடுகளிலும் இந்நோய் உண்டு என்பதை இக்கட்டுரையிலேயே காண்போம். அத்துடன் எமது பிள்ளைகள் பலர் இன்று பட்டணங்களிலும், கடல் கடந்த உறவினர் வீடுகளிலும் வளர்கின்றனர். எந்த மெலிவு இந்த நோய், எந்த மெலிவு இந்த நோயல்ல என்று பிரித்தறியத் தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். அதற்குத்தான் வரைவிலக்கணம் தேவைப்படுகிறது.

1. பெயர் சொல்வதும் உண்மையும்

"அனொரெக்சியா" என்பது கிரேக்கச் சொல். "ஒரெக்சிஸ்" என்றால் நாட்டம், பசி. "அன்" என்றால் இல்லாமை. எனவே, சொல்லின்படி இது பசியின்மை. "நேர்வோசா" என்னும் இலத்தீன் சொல் நரம்பு சார்ந்தது எனப் பொருள்படும். முன்னாளில் உள்ளம் சார்ந்த நோய்களை நரம்பு நோய்கள் என்றே சொல்வது வழக்கம்.

ஆனால் இந்தப் பெயர் எம்மைத் தவறான வழியில் கொண்டுபோகக்கூடியது. நோயாளிகளில் அநேகருக்குப் பசி எடுக்கிறது. சிலருக்கு நாள் முழுவதும் உணவைப் பற்றிய நினைவே. அவர்கள் அந்தப் பசியை எதிர்த்து நிற்கிறார்கள். உண்பது அவர்களுக்குப் பயமாகவும் குற்றமாகவும் படுகிறது. காய்ச்சல் வந்தவருக்கு வாய் கசந்து சோறு இறங்காமல் இருப்பது வேறு, இது வேறு. பெயரை வைத்து நோயை விளங்கிக்கொள்ள முயன்றால் முதல் அடியிலேயே பிழை விடுவோம்.

2. நோயை இனங்கண்ட வரலாறு

1689ஆம் ஆண்டில் றிச்சட் மோர்ட்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் உடல் மெலிவு நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், காசநோயோ காய்ச்சலோ இல்லாமல் எலும்புக்கூடாக மெலிந்துபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றியும் குறிப்பிட்டார். அவள் வைத்தியத்தை மறுத்து இறந்துபோனாள்.

அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1873இல், இரு வைத்தியர்கள் ஒருவர் பணியை மற்றவர் சாராமல் இதனைத் தனி நோயாக விவரித்தனர். ஒருவர் பாரிஸ் நகரத்துச் சார்ள்ஸ் லசேக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் கல். அனொரெக்சியா நேர்வோசா என்ற பெயரை நிலைநிறுத்தியவர் கல்.

1866இல் கல் பார்த்த ஒரு நோயாளியின் கதை பாடமாகக் கொள்ளத்தக்கது. அவளுக்கு வயது 17. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நிறை 82 இறாத்தல், அதாவது 37 கிலோ மட்டுமே. மாதவிடாய் நின்று ஏறத்தாழ ஒரு வருடம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56. இத்தனை மெலிவிலும் அவள் ஓய்ந்து படுக்கவில்லை, ஓயாமல் நடமாடிக்கொண்டேயிருந்தாள். கல் முதலில் காசநோயைத்தான் தேடினார். அதற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, நேரம் தவறாமல் உணவு கொடுக்கச் செய்தார். 1868இல் அவள் நிறை 128 இறாத்தலாகி, நலமடைந்திருந்தாள்.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்திய பின்னரே இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, இவ்வளவு கடுமையான நிலையிலிருந்தும் மீள முடியும்.

3. இன்றைய வரைவிலக்கணம்

இன்று வைத்தியர்கள் முக்கியமாக இரண்டு வழிகாட்டிகளைக் கைக்கொள்கின்றனர். ஒன்று, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு. மற்றது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது திருத்தம். இது 2022இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் சொல்வதைச் சுருக்கினால் மூன்று அடையாளங்கள் கிடைக்கும்.

முதலாம் அடையாளம்: வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைவிட நிறை மிகக் குறைந்திருத்தல். உணவைத் தானே குறைத்துக்கொள்வதால் இது ஏற்படுகிறது.

இரண்டாம் அடையாளம்: நிறை கூடிவிடும், கொழுத்துவிடுவேன் என்ற கடும் பயம், அல்லது, அப்படிச் சொல்லாவிட்டாலும், நிறை கூடவிடாமல் தடுக்கும் செயல்களைத் தொடர்ந்து செய்தல்.

மூன்றாம் அடையாளம்: தன் உடலைச் சரியாகப் பார்க்க முடியாமை. எலும்பாக இருந்தும் பருமனாக இருப்பதாக நம்புதல், அல்லது தன் நிலையின் ஆபத்தை உணராதிருத்தல். தன் மதிப்பு முழுவதும் உடல் நிறையிலேயே தங்கியிருப்பதாக எண்ணுவதும் இதில் அடங்கும்.

நிறை மிகக் குறைவு என்பதை எப்படி அறிவது? வளர்ந்தவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி என்ற ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரு தடவை வகுக்க வேண்டும். ஒருவர் உயரம் 1.5 மீற்றர், நிறை 36 கிலோ என்று வைப்போம். 36ஐ 1.5ஆல் வகுத்தால் 24. அதை மீண்டும் 1.5ஆல் வகுத்தால் 16. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் வளர்ந்தவருக்கு 18.5க்குக் கீழே இருப்பதைக் குறைந்த நிறை என்கிறது. எனவே 16 மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு இந்த எண் பொருந்தாது. அவர்களை வயதுக்குரிய வளர்ச்சி வரைபடத்தில் பார்க்க வேண்டும். மேலும், ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்தவரின் எண் இன்னும் 18.5க்குக் கீழே போகாவிட்டாலும் நோய் இருக்கலாம்.

முன்பு மாதவிடாய் நிற்பதும் ஒரு கட்டாய அடையாளமாக இருந்தது. 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். இந்நோய் ஆண்களுக்கும், பருவமடையாத சிறுமியருக்கும் வருகிறது என்பதை அந்த நிபந்தனை மறைத்துவிட்டது. பெண்பிள்ளைகளிடமே இது அதிகம் காணப்படுகிறது. ஆனால் மகன் என்பதற்காகக் கவனியாமல் விடக்கூடாது.

4. எந்த மெலிவு இந்த நோயல்ல?

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேற்கூறிய மூன்றில் முதலாவது அடையாளம் மட்டும் இருந்தால் அது இந்த நோயல்ல. உணவில்லாமல் மெலிந்தவருக்கு வேண்டியது உணவும் நீதியுமே. உளநோய் என்ற பெயர் அல்ல. உறவுகளை இழந்த துயரத்தில் சோறு இறங்காதிருப்பது வேறு. அது நீண்டால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. காசநோய், நீரிழிவு, தைரொயிட் சுரப்பி நோய், குடல் நோய்கள், புற்றுநோய் ஆகியனவும் உடலை உருக்கும். நெடுநாள் இருமல், மாலைக் காய்ச்சல், அடிக்கடி சிறுநீர் போதல், வயிற்றோட்டம் போன்றவை இருந்தால் முதலில் அவற்றுக்கான பரிசோதனை நடக்க வேண்டும்.

வேறுபாட்டைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். பட்டினி கிடந்தவருக்கு உணவு கிடைத்தால் மகிழ்ந்து உண்பார். மெலிந்தது கண்டு கவலைப்படுவார். இந்த நோயாளிக்கு உணவு கிடைப்பதே பயம், மெலிவது ஆறுதல்.

5. ஹொங்கொங் கற்பித்த பாடம்

வரைவிலக்கணம் முழுவதும் மேற்கு நாட்டு நோயாளிகளைப் பார்த்தே எழுதப்பட்டது. அங்குள்ள பெண்கள் "கொழுத்துவிடுவேன்" என்று சொன்னார்கள். ஆகவே, அந்தப் பயம் இல்லாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

ஹொங்கொங்கில் பணியாற்றிய சிங் லீ என்ற உளமருத்துவர் வேறொன்றைக் கண்டார். அவரிடம் வந்த சீனப் பெண்களில் பலர், "வயிறு ஊதுகிறது", "பசியில்லை" என்றே சொன்னார்கள். கொழுப்பைப் பற்றியோ அழகைப் பற்றியோ அவர்கள் பேசவில்லை. ஆனாலும் உண்ண மறுத்து எலும்பாகிக்கொண்டிருந்தார்கள். 1993இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் 70 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் 41 பேரிடம் கொழுத்துவிடும் பயம் காணப்படவில்லை.

நூலில் எழுதியபடி பார்த்தால் இந்த 41 பேருக்கும் நோய் இல்லை. ஆனால் அவர்கள் வைத்தியரின் கண்முன்னே உருகிக்கொண்டிருந்தார்கள். இத்தகைய அனுபவங்களின் பின்னரே 2013ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தில், பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும், நிறை கூடவிடாமல் தடுக்கும் செயலே போதுமான அடையாளம் என்று சேர்க்கப்பட்டது.

எமது வீடுகளுக்கும் இது பொருந்தும். "நெஞ்சுக்குள் அடைக்கிறது", "வயிறு பொருமுது", "இன்றைக்கு விரதம்" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். வாய் சொல்லும் காரணத்தோடு நின்றுவிடாமல், கோப்பையில் மிஞ்சுவதையும் தராசு காட்டுவதையும் பார்க்க வேண்டும்.

6. பட்டினி உள்ளத்தையும் மாற்றும்

இந்நோயாளியின் குணம் மாறுவதைக் கண்டு குடும்பத்தார் மனமுடைந்து போவார்கள். எரிந்து விழுவாள், தனித்திருப்பாள், உணவைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு நேரம் போக்குவாள், தான் உண்ணாமல் மற்றவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துக் கொடுப்பாள். இதெல்லாம் நடிப்பா?

இதற்கு ஒரு பரிசோதனை விடை தந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிய, 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்கள் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. உடலும் உள்ளமும் நலமாயிருந்த அந்த இளைஞர்கள் எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாக மாறினார்கள். நண்பர்களை ஒதுக்கினார்கள். கனவிலும் நனவிலும் உணவே. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

ஆகவே, நோயாளியிடம் நாம் காணும் குணக்கேடுகள் பல, பட்டினி உண்டாக்கியவை. முகாம் வாழ்வில் பசியால் மனிதர் சிடுசிடுத்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். உடல் நிறை மீண்டால்தான் புத்திமதி உள்ளே இறங்கும். இந்த நோய்க்கு முதல் மருந்து உணவுதான்.

7. ஏன் வருகிறது? எவ்வளவு ஆபத்து?

ஒரே காரணம் கிடையாது. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளரின் பரம்பரை அலகுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை இனங்கண்டது. அவை உள்ளத்தோடு மட்டுமல்ல, உடல் சக்தியைப் பயன்படுத்தும் முறையோடும் தொடர்புள்ளவை எனத் தெரிகிறது. இத்துடன் எதிலும் குறை வைக்காத சுபாவம், பருவ வயது மாற்றங்கள், உடலைப் பற்றிய கேலி, மெலிவே அழகு என்ற விளம்பரங்கள், உணவைக் குறைக்கத் தொடங்கிய ஒரு தற்செயலான முயற்சி ஆகியன சேர்ந்துகொள்ளலாம். பெற்றோரின் வளர்ப்பே காரணம் என்ற பழைய குற்றச்சாட்டு இன்று ஏற்கப்படுவதில்லை.

ஆபத்தோ பெரிது. விதைநெல்லை அவித்து உண்ணும் வீட்டுக்கு அடுத்த போகம் இல்லை. உணவு கிடைக்காத உடலும் அப்படியே தன் தசையை, கடைசியில் இதயத் தசையையே கரைத்து உண்கிறது. எலும்பு பலமிழக்கிறது. குருதியில் பொட்டாசியம் போன்ற உப்புக்கள் குறைந்தால் இதயம் திடீரென நின்றுவிடலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இந்நோயுள்ள ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐவர் இறக்கின்றனர். இறந்தவர்களில் ஐவருக்கு ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். உளநோய்களுள் மிகக் கூடிய இறப்பு வீதம் கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

நம்பிக்கையும் உண்டு. 2002இல் வெளியான இன்னொரு தொகுப்பு, தப்பிப் பிழைத்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் முழுக்குணம் அடைவதாகவும், மூன்றிலொரு பங்கினர் முன்னேற்றம் காண்பதாகவும், ஐவரில் ஒருவருக்கு நோய் நீடிப்பதாகவும் காட்டியது.

8. விரதமும் நோயும்

எமது ஊர்களில் சைவரும் கிறிஸ்தவரும் விரதத்தை மதிப்பவர்கள். அதனாலேயே இந்நோய் விரதத்தின் போர்வைக்குள் மறைந்துகொள்ளலாம். விரதத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. முடிந்ததும் குடும்பத்தோடு மகிழ்ந்து உண்கிறோம். நோய்க்கு முடிவு இல்லை. அது ஒரு நாளைக் குறித்து, பின்னர் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொண்டே போகும்.

சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாள் (1347-1380) உணவு கொள்ள இயலாமல் 33 வயதில் காலமானார். உண்ணும்படி அவருக்கு ஆன்மீக வழிகாட்டிகள் சொன்னார்கள். தம்மால் உண்ண முடியாதிருப்பதை அவரே ஒரு பலவீனமாகக் கருதி, மற்றவர்களைப் போல உண்ணும் வரத்துக்காக மன்றாடினார். அவருக்கிருந்தது இந்த நோய்தானா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. ஆனால் உண்ணாமையைத் தானாகவே புண்ணியம் என்று எண்ணக்கூடாது என்பதற்கு அவருடைய மன்றாட்டே சாட்சி. திருச்சபையின் ஒருசந்திக் கடமை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் நோயாளருக்கும் இல்லை. இவ்வாறு மெலியும் பிள்ளைக்குத் தவக்காலத்திலும் உணவு கொடுப்பதே கடமை.

9. குடும்பம் செய்யக்கூடியவை

* பிள்ளையை அடிக்கவோ, பழிக்கவோ, மெலிவைக் கேலி செய்யவோ வேண்டாம். "பார், உடம்பு தேறிவிட்டது" என்ற பாராட்டும் அவளைப் பயமுறுத்தலாம். "நீ களைத்துப் போகிறாய், எங்களுக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

* தாமதியாமல் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் கேளுங்கள். நிறை எப்போதிருந்து குறைந்தது, மாதவிடாய் வருகிறதா, உண்டபின் வாந்தி எடுக்கிறாளா என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். உளமருத்துவர் பிரிவு என்றால் வெட்கப்பட வேண்டாம்.

* மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் குறைதல், நீரும் அருந்த மறுத்தல், சாவதைப் பற்றிப் பேசுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கொண்டுசெல்லுங்கள்.

* மிக மெலிந்தவருக்கு ஒரேயடியாக நிறைய உணவு கொடுக்கக் கூடாது. வெடித்துக் காய்ந்த வயலுக்கு முழு வாய்க்காலையும் திறந்துவிட்டால் வரம்பு உடைந்துவிடும். பட்டினி கிடந்த உடலும் அப்படியே. திடீரென உணவு சேர்ந்தால் குருதியிலுள்ள பொஸ்பேற்று, பொட்டாசியம் போன்றவை சடுதியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு தொடங்குவது, எப்படிக் கூட்டுவது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நீடித்த பட்டினியிலிருந்து மீண்ட எவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

* பெற்றோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கல் தமது காலத்தில் உறவினரை நோயாளியிடமிருந்து விலக்கி வைக்கவே விரும்பினார். ஆனால் 1980களில் இலண்டனின் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான முறை, பெற்றோரையே வைத்தியத்தின் நடுவில் வைத்தது. முதலில் பெற்றோர் மூன்று நேர உணவையும் பொறுப்பேற்று, அருகில் இருந்து, அன்போடும் உறுதியோடும் உண்ணச் செய்கிறார்கள். உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பிப் போகிறது. இளம் வயதினருக்கு, நோய் தொடங்கி நெடுங்காலமாகாத நிலையில், இது நல்ல பலன் தருகிறது. இந்நோயைத் தானாகக் குணப்படுத்தும் குளிசை எதுவும் இல்லை.

முடிவாக

தொடக்கத்தில் கண்ட அந்தத் தகப்பனிடம் திரும்புவோம். "நாங்கள் பட்ட பசியை இவள் அறிந்திருந்தால்" என்றார். அவளும் பசியைத்தான் அனுபவிக்கிறாள். ஆனால் அவருடைய பசிக்குக் காவல் நின்றது வெளியே. இவளுடைய பசிக்குக் காவல் நிற்பது உள்ளே. அந்தக் காவலைத் தனியாக உடைக்க அவளால் முடியாது. பட்டினியில் ஒருவரையொருவர் தாங்கிப் பிழைத்த எமது குடும்பங்களுக்கு, அருகில் இருந்து ஒரு பிடி சோற்றை ஊட்டுவது எப்படி என்று தெரியும். கோபத்தை வைத்துவிட்டு, வைத்தியரின் துணையோடு அதைச் செய்வோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உணவில்லாத மெலிவுக்கும் இந்நோய்க்கும் உள்ள வேறுபாடுகளை உங்கள் சொற்களில் கூறுங்கள்.

2. மூன்று அடையாளங்களில் முதலாவது மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றும் இருந்தால் என்ன செய்வீர்கள்?

3. உடலைப் பற்றிய பட்டப்பெயர்களும் கேலிகளும் எமது ஊரில் எவ்வளவு வழக்கத்தில் உள்ளன? அவற்றைக் குறைக்க நாம் என்ன செய்யலாம்?

4. உளநோய்க்கு வைத்தியம் தேடத் தயங்குவது ஏன்? அத்தயக்கத்தை நீக்க இக்குழு எவ்வாறு உதவலாம்?